உங்க நஷ்டம் உங்களுக்கு

சட்டைக்குள் கை நுழையவில்லை. சவ வண்டியோடு வந்திருந்த ஆள் இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கை மடங்க மாட்டேங்குதும்மா. இதைவிடப் பெரிய சட்டை ஏதும் இருக்கா?"

"இதுவே போதும். குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள் அக்கா.

அந்தச் சட்டையைத் தைத்தவளே அவள்தான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, சட்டையைக் கவிழ்த்துப் போட்டு, காலரின் நடுவிலிருந்து கீழ் மடிப்புவரை முதுகை நேராக வெட்டினாள். இரண்டு கைகளையும் முன்பக்கமாக நுழைத்து, வெட்டிய பாதிகளை இருபுறமும் முதுகுக்கு அடியில் செருகினாள். பொத்தான்களைப் போட்டு, காலரைச் சரிசெய்தாள். முன்னால் நின்று பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாது.

சட்டையை மூடுவதற்கு முன் வயிற்றைப் பார்த்திருந்தாள். மருத்துவமனையில் அறுத்துப் பார்த்துவிட்டுத் தைத்து அனுப்பியிருந்தார்கள். பெரிய பெரிய தையல், போகிற போக்கில் போட்டது. அவளுடைய தையல் கடையில் யாராவது இப்படித் தைத்திருந்தால், பிரித்துவிட்டு மறுபடி போடு என்று மேசையில் எறிந்திருப்பாள். இங்கே யாரிடம் எறிவது?

இறந்துபோனவன் அவளுடைய தம்பி. தையல் மெஷின் பழுது பார்ப்பவன். எல்லோருக்கும் அவன் மெஷின்காரன், அக்காவுக்கு மட்டும் ஒல்லிக்குச்சி. நடுத்தர வயதைத் தொட்டும் உடம்பில் சதை பிடிக்கவேயில்லை. வாங்குகிற பேண்ட்டின் இடுப்பு எல்லாம் அவனுக்குப் பெரிதாக இருக்கும், அவள் பிடித்துத் தைத்துக் கொடுப்பாள். அப்படிப்பட்டவன் மேசையிலிருந்து கழற்றிய மெஷின் தலையை மட்டும் அநாயாசமாகத் தூக்குவான். அந்த இரும்பைக் கூரியர்காரர்கள் பெட்டியில் கட்டி, பின் சீட்டில் கயிறு போட்டு எடுத்துப் போவார்கள். இவன் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்து, ஒரு கையால் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மறு கையால் வண்டி ஓட்டுவான். பின்னால் வைத்தால் குலுங்கிக் குலுங்கி நான் சரிபண்ணினதெல்லாம் போயிரும் என்பான். வருஷக்கணக்காக இப்படித்தான். யாரும் கேட்டதில்லை, அக்காவும் கேட்டதில்லை.

நேற்று அந்த வண்டியில்தான் ஒரு முட்டைக்காரரின் பைக்கோடு மோதினான். மெஷின் தலை அவன் வயிற்றில் இடித்தது. சாயங்காலம் வாந்தி எடுத்துச் சுருண்டவனை மருத்துவமனையில் சேர்த்தார்கள். பைக்கில் மோதிட்டேன் என்று டாக்டரிடம் அவனே சொல்லியிருக்கிறான். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. அறுவைக்குக் கொண்டுபோனவன் திரும்பி வரவில்லை.

கூடத்தில் தம்பியின் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். தம்பி மனைவியின் அண்ணன்தான் எல்லாவற்றையும் ஓடியாடிச் செய்துகொண்டிருந்தார். லாரி ஓட்டுபவர், குரலும் லாரி மாதிரிதான்.

"அடக்கம் முடிஞ்சதும் ஸ்டேஷனுக்குப் போகணும்" என்றார் அவர், அக்காவின் அருகில் வந்து. "விசாரிச்சிட்டேன். மாப்ள வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்ல. அந்த முட்டைக்காரன் வண்டிக்கும் இல்லையாம். முக்குக் கடையில நேத்து ரெண்டு பேரும் பேசினதக் கேட்டிருக்காங்க. கம்பெனிக்காரன்கிட்ட இருந்து ஒண்ணும் வராது. அந்தாளு மேல கேஸ் போட்டாத்தான் உண்டு."

"போட்டா?"

"கோர்ட்டு சொல்லிருச்சுன்னா வீட்ட வித்தாவது குடுத்துத்தான் ஆகணும். நான் ரோட்டுலயே கிடக்கிறவன். முதல்ல ஸ்டேஷனுக்குப் போறவன் சொல்றதுதான் கதை. அவன் போறதுக்குள்ள நாம போயிரணும்."

பேராசைக்காரர் அல்ல அவர். தங்கையின் வீட்டு வாடகையைப் பற்றியும் மருமகளின் படிப்பைப் பற்றியும் இரவெல்லாம் யோசித்திருப்பார், முகம் அப்படி இருந்தது. அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

அவளுக்கு வேறொன்று தெரியும். அது இந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மோதிய கையோடு தம்பி நேராக வந்தது அவள் கடைக்கு. மெஷின் அவளுடையது. பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் பாதியில் நின்றுபோய், எப்படா கொண்டு வருவே என்று காலையிலிருந்து அவனைத் துளைத்துக்கொண்டிருந்தாள். அவன் தலையை மேசையில் பொருத்தி, பெல்ட்டை மாட்டி, அடியில் கைவிட்டுப் பார்த்துவிட்டு, பாபின் கேஸ் ரோட்டுலயே விழுந்திருச்சு போலக்கா என்று, அடிநூல் கண்டை வைக்கிற அந்தச் சின்னக் கூட்டுக்குப் பதிலாகத் தன் பெட்டியிலிருந்து வேறொன்றை எடுத்துப் போட்டான். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னான், சிரித்துக்கொண்டே.

"ரோடு பூரா ஆம்லெட்டுக்கா. பாவம், அந்தாளு முட்டை ஒண்ணுகூட மிஞ்சல. தப்பு என் மேலதான். சுத்திக்கிட்டு வர சோம்பேறித்தனம், ராங் சைடுல வந்தேன். கையில மெஷின், பிரேக் பிடிக்கக் கையில்ல. அந்தாளுக்கும் இன்சூரன்ஸ் இல்ல, எனக்கும் இல்ல. உங்க நஷ்டம் உங்களுக்கு, என் நஷ்டம் எனக்குன்னு கை குடுத்துட்டு வந்துட்டோம். விழுந்ததும் முதல்ல மெஷின் சக்கரத்தச் சுத்திப் பார்த்தேன், மெஷினுக்கு ஒண்ணுமில்ல."

"உனக்கு?"

"வயித்துல லேசா இடிச்சுது. அவகிட்ட சொல்லிராதக்கா. இன்சூரன்ஸ் கட்டிட்டேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

அவள் சொல்லவில்லை. மருத்துவமனைக்குப் போனபோது அவன் ஏற்கெனவே உள்ளே இருந்தான். டாக்டர் விபத்தைப் பற்றிச் சொல்ல, எல்லோரையும் போல அவளும் கேட்டுக்கொண்டு நின்றாள். அப்போது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பிறகு ஒவ்வொரு மணி நேரமும் அதைச் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போயிற்று.

வாசலில் போட்டிருந்த நாற்காலிகளுக்கு நடுவே ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். இடது கையில் மாவுக்கட்டு. கழுத்திலிருந்து துணித் தூளியில் அது தொங்கியது. லாரிக்காரரிடமே போய் நின்றார்.

"மெஷின்காரர் வீடு இதுதானுங்களே? இருக்காரா?"

"இருக்காரு. உள்ள படுத்திருக்காரு. நீங்க யாரு?"

"முட்டைக்காரன்னு சொல்லுங்க, தெரியும்." சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் மடித்த எதையோ எடுத்தார். "உடைஞ்ச தட்டுகளக் கழுவும்போது இது கிடைச்சுது. அவரு மெஷின்ல இருந்து விழுந்ததா இருக்கும். இது இல்லன்னா தைக்க முடியாதுன்னு வீட்டுல சொன்னாங்க. அதான் விசாரிச்சிட்டு வந்தேன். வீட்டுல ஏதும் விசேஷமா?"

லாரிக்காரர் அவருடைய நல்ல கையைப் பிடித்தார். பிடித்த பிடியிலேயே கூடத்துக்குள் இழுத்து வந்து கட்டிலுக்கு முன்னால் நிறுத்தினார். முட்டைக்காரர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நேற்று கை கொடுத்த ஆளா இது என்று முகத்தில் தேடுவது போலிருந்தது.

"நேத்து நல்லாத்தானே போனாரு" என்றார் கடைசியில்.

"நல்லா அனுப்பி வச்சிருக்கீங்க. இருங்க, எங்கயும் போகாதீங்க." லாரிக்காரர் போனை எடுத்தார். "ஸ்டேஷன்ல இருந்து இங்கயே வரச் சொல்றேன்."

"ஐயா, நான் என் பக்கமாத்தான் வந்தேன். அவருதான்..." முட்டைக்காரரின் கண் கட்டில் பக்கம் போயிற்று. நிறுத்திக்கொண்டார்.

"அவருதான் என்ன? சொல்லுங்க."

"ஒண்ணுமில்லீங்க."

வாசலில் இருந்தவர்கள் கதவருகே கூடினார்கள். முட்டைக்காரர் தலையைக் குனிந்து, தன் கையை விடுவித்துக்கொள்ளக்கூட முயலாமல் நின்றார். செத்தவன் மேல் குற்றம் சொல்ல அந்த ஆளுக்கு வாய் வரவில்லை. வாயிருந்தும் ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்த தன் மேல் அக்காவுக்கு அப்போது வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பேசினால் என்னவாகும் என்பதும் தெரிந்தது. தம்பி மகளுக்கு வரக்கூடியது வராமல் போகும். அதோடு முடியாது.

"அவர விடுங்க" என்றாள். "தப்பு தம்பி மேலதான். ராங் சைடுல வந்திருக்கான், ஒத்தக் கையில ஓட்டிக்கிட்டு."

லாரிக்காரர் திரும்பினார். "உங்களுக்கு யாரு சொன்னா?"

"அவனே சொன்னான்."

"எப்போ?"

கேட்டது தம்பியின் மனைவி. சுவரிலிருந்து முதுகை எடுத்திருந்தாள்.

"நேத்து மதியம். மெஷின் கொண்டுவந்து மாட்டினப்ப."

"மதியமே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"வலிக்குதுன்னு சொன்னாரா அண்ணி?"

"லேசா இடிச்சுதுன்னான். வயித்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன், கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம். இல்லை என்று சொல்ல யாரும் இல்லை, ஒரே சாட்சி கட்டிலில் கிடக்கிறது. அக்காவுக்கு அது தோன்றாமல் இல்லை.

"வீட்டுக்குப் போய்ப் படுடான்னேன்."

"அப்புறம்?"

"தைக்க உட்கார்ந்துட்டேன். அவன் கொஞ்ச நேரம் நின்னு சத்தத்தக் கேட்டான். சரியா இருக்குக்கான்னுட்டுப் போனான்."

லாரிக்காரர் முட்டைக்காரரின் கையை விட்டது எப்போது என்று தெரியவில்லை.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல" என்றாள் தம்பியின் மனைவி. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பதில் வரும் என்று எதிர்பார்த்தவள் போலவும் இல்லை. மறுபடி சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு முட்டைக்காரரைப் பார்த்து, "நீங்க போங்கண்ணே, கைவலியோட நிக்காதீங்க" என்றாள்.

அவர் போகவில்லை. காகிதப் பொட்டலத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வாசலில் போய் நின்றார். சவப்பெட்டியைத் தூக்கும்போது ஒரு கையால் தானும் பிடித்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடக்கம் முடிந்து எல்லோரும் கலையும்போதுதான் அவரைக் காணவில்லை.

ஸ்டேஷனுக்கு லாரிக்காரர் வரவில்லை. "உங்க விருப்பப்படி பண்ணிக்கோங்க. இனி நான் வந்து என்ன பேச?" என்று நாற்காலிகளை மடிக்கப் போய்விட்டார். மனைவி கையெழுத்துப் போட வேண்டும், அவன் தப்பை ஒப்புக்கொண்டதைக் கேட்ட ஆள் அதைச் சொல்ல வேண்டும். அதனால் பெண்கள் இருவருமே போனார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்த போலீஸ்காரருக்கு அன்று அது எத்தனையாவது விபத்தோ, கேள்விகளைச் சலிப்பில்லாமல், வேகமில்லாமல் கேட்டார். எந்த வண்டி, எந்த ரோடு, ஹெல்மெட் இருந்ததா. இரண்டு வண்டிக்கும் இன்சூரன்ஸ் இல்லை என்றதும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"மோதின உடனே ரெண்டு பேர்ல ஒருத்தராவது இங்க வந்திருக்கணும்மா. இன்சூரன்ஸ் இல்லன்னா அபராதத்தோட போயிருக்கும். வந்திருந்தா கட்டாயம் ஆஸ்பத்திரிக்கும் அனுப்பியிருப்போம். எல்லாரும் இப்படித்தான், பயந்துக்கிட்டு ரோட்டுலயே பேசி முடிச்சிர்றாங்க." மறுபடி பேனாவை எடுத்தார். "சரி, எதிர்ல வந்தவர் மேல புகார் இருக்கா?"

"இல்ல" என்றாள் தம்பியின் மனைவி.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பின்னாடி வந்து மாத்தக் கூடாது."

"அவரே தன் தப்புன்னு சொல்லியிருக்காரு. இவங்க கேட்டிருக்காங்க."

இவங்க. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வாயில் அண்ணி என்பதைத் தவிர வேறு சொல் வந்ததில்லை. அக்கா தான் கேட்டதைச் சொல்லி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வெயில் தணிந்திருந்தது. வந்த வாடகைக் காரே காத்துக்கொண்டிருந்தது. தம்பியின் மனைவி ஏறி, ஒரு பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அக்கா மறுபக்கமாக ஏறிக் கதவைச் சாத்தினாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "வீட்டுக்குத்தானேம்மா?" என்று கேட்டார். அவர் வண்டியை எடுத்தார்.

தம்பியின் மனைவி மடியிலிருந்த கைப்பையை எடுத்து இருவருக்கும் நடுவே வைத்தாள். அக்கா சேலையை ஒதுக்கிக்கொண்டு, அதற்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டு, கதவோரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.