தனப்பிரியா வாசலில் நின்ற மின்னல்

வெண்ணந்தூர் மேற்குத் தெருவில், தனப்பிரியா வீட்டு வாசலில், புரட்டாசி இரண்டாம் வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு ஒரு சாண் நீள மின்னல் உண்டாகி, அணையாமல் அப்படியே நின்றுவிட்டது. அன்று ராசிபுரத்தில் தக்காளி கிலோ இருபத்தெட்டு ரூபாய். காற்று இல்லை, மேகமும் இல்லை.

மின்னலை உண்டாக்கியவள் தனப்பிரியாதான். முப்பத்துமூன்று வயது. எலக்ட்ரிக்கல் டிப்ளமோவில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள். கடைசி வருடம் உயர் அழுத்த மின்சாரத்தைச் செய்து காட்டிய நாளில், பையன்கள் உள்ளே நின்று சுவிட்சைப் போட்டார்கள். பெண்கள் ஐந்து பேரைக் கதவுக்கு வெளியே நிற்க வைத்தார்கள். வெடிச் சத்தம் மட்டும் அவர்களுக்குக் கிடைத்தது. படிப்பு முடிந்த நாலாம் மாதம் கல்யாணம். கணவன் ஆனந்தகுமார் போர்க்கிணறு தோண்டும் ரிக் வண்டியில் டிரில்லர். சத்தீஸ்கர் பக்கம் கிளம்பினால் ஏழெட்டு மாதம் ஊர்ப்பக்கம் தலை காட்டமாட்டான். வீட்டில் மாமியார் கண்ணாத்தாளும் நாலு விசைத்தறியும். தறி மோட்டார் எரிந்தால் மருமகளே பிரித்துச் சரிசெய்துவிடுவாள். அவள் படிப்புக்கு அவ்வளவு வேலை போதும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளுக்குப் போதவில்லை.

ஆகவே அவள் செயற்கை மின்னல் உண்டாக்கும் ஒரு கருவி செய்ய உட்கார்ந்தாள். எதற்கு என்று கேட்டவர்களுக்குச் சொல்ல அவளிடம் காரணம் எதுவும் இல்லை. பழைய டிவிகளைப் பிரித்து எடுத்த சாமான்கள், பித்தளை போல்ட்டுகள், தறியில் கழித்த ஒரு மரப்பலகை. பத்து அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு கெபாசிட்டர். பத்தும் பக்கம் பக்கமாக நின்று மின்சாரத்தைக் குடித்துக்கொள்ளும். முதல் இடைவெளியில் பொறி தாண்டியதும், ஒன்றன் தோளில் ஒன்று ஏறிக்கொண்டு, பத்தும் சேர்ந்து ஒரே பாய்ச்சலாகக் கக்கிவிடும். அந்தப் பாய்ச்சல் கண் இமைக்கிற நேரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நிற்காது, நிற்கக் கூடாது. பதினாலு மாதம் ஆயிற்று. மூன்று தடவை கெபாசிட்டர் வெடித்து முருங்கை மரத்துக் காகங்கள் ஊரைவிட்டே போயின. "மிக்சி ரிப்பேர் பாக்கத் தெரிஞ்சாப் பத்தாதா அம்மிணி?" என்று கண்ணாத்தாள் தினம் ஒருமுறை கேட்பாள். தனப்பிரியா போல்ட்டை இன்னும் ஒரு சுற்று முடுக்குவாள்.

அந்த வெள்ளிக்கிழமை ரப்பர் விரிப்பின் மேல் தள்ளி நின்று சுவிட்சைப் போட்டாள். சாட்டையைச் சொடுக்கியதுபோல ஒரு சத்தம். உள்ளே நாலு தறியும் ஒரு ஓட்டம் தவறி மறுபடி ஓடின. சுவிட்சை அணைத்தாள். எர்த் கம்பி கட்டிய நீளக் கழியால் பத்து அடுக்கையும் தொட்டு மின்சாரத்தைப் பூமியில் இறக்கினாள். பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். மின்னல் கருவியின் முனையிலிருந்த இரண்டு பித்தளைக் குண்டுகளுக்கு நடுவே நீல வெள்ளையாக நின்றது. கருவியைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். மின்னல் மட்டும் வாசலிலேயே, அந்தரத்தில், இடுப்பு உயரத்தில் நின்றது. அவளுக்குப் பயம் வரவில்லை. கதவுக்கு வெளியே நின்ற அந்தப் பழைய நாளில் நெஞ்சில் அடைத்தது ஏதோ இறங்கி, பசி எடுத்தது. அன்று மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

"சாப்பிட்டது போதும், போய் அதை அணை" என்றாள் கண்ணாத்தாள். சொன்ன மாத்திரத்தில் மின்னல் ஒரு சாண் வளர்ந்தது.

இப்படித்தான் அதன் குணம் தெரிந்தது. யார் வந்து அணைக்கச் சொன்னாலும் ஒரு சாண் ஏறும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், ஏறியது. கோயில் பூசாரி சொன்னார், தறி முதலாளிகள் ஆறு பேர் சேர்ந்து வந்து ஆளுக்கொரு தடவை சொன்னார்கள், ஆறு சாண் ஏறியது. மற்றபடி அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. கோழிகள் அதன் ஊடே நடந்து போயின. வைக்கோல் பட்டால் கருகவில்லை. கிட்டே போனால் தலைமுடி எழுந்து நிற்கும், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகள் பின்னலை அவிழ்த்துவிட்டு அந்தத் தெரு வழியாகவே சுற்றிப் போக ஆரம்பித்தார்கள். கண்ணாத்தாள் மட்டும் மருமகளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரு மாதம் இருவரும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரு வார்த்தை இல்லாமல் சாப்பிட்டார்கள்.

ஐப்பசிக் கடைசியில் மின்னல் ஓட்டுக்கூரையைத் தாண்டியபோது கரண்ட் ஆபீசிலிருந்து கோகுல்ராஜ் என்ற இளம் அதிகாரி ஜீப்பில் வந்தார். ஏழு நாளில் இதை அகற்றாவிட்டால் வீட்டு இணைப்பைத் துண்டிப்போம் என்று காகிதத்தைப் படித்தார். படித்து முடிப்பதற்குள் மின்னல் ஒரு சாண் ஏறியது. அவர் இரண்டடி பின்னால் போனார்.

"எந்த ஒயர்ல இருந்து வருதுன்னு காட்டுங்க சார், நானே அறுத்துத் தர்றேன்" என்றாள் தனப்பிரியா.

அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒயர் எதுவும் இல்லை. கூட்டம் வேறு கூடிவிட்டது. எரிச்சலில், "ஊட்ல ஆம்பளைங்க யாருமே இல்லீங்களா?" என்று கேட்டார்.

கண்ணாத்தாள் தறிக்கூடத்திலிருந்து வெளியே வந்தாள். புருஷன் போன இருபத்திரண்டு வருடத்தில் அதே வாசலில் நின்று அந்தக் கேள்வியை எத்தனையோ பேர் அவளிடம் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் தலையைக் குனிந்துகொண்டுதான் பதில் சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை குனியவில்லை.

"இல்லீங்க. நாந்தான் இருக்கறன். அது என்ற மருமக பதினாலு மாசம் உக்காந்து செஞ்சது. ஒயரை அறுக்கறதுன்னா இப்பவே அறுத்துட்டுப் போங்க. ஏழு நாளெல்லாம் எதுக்குங்க?"

"தறி நின்னு போகுமுங்க, ஆத்தா."

"நிக்கட்டும் சாமி."

தனப்பிரியா மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். கண்ணாத்தாள் திரும்பிப் பார்க்காமல் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாள் கம்பத்தில் ஏறி ஒயரை அறுத்தார்கள். பதினோரு நாள் தறி ஓடவில்லை. தறிக்கு வரும் ரஞ்சிதாவும் இலக்கியாவும் வழக்கம்போல எட்டு மணிக்கு வந்து, வாசலில் உட்கார்ந்து, கேட்பவர்களுக்கெல்லாம் "அதெல்லாம் அணைக்க மாட்டோமுங்க" என்று சொல்லிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போனார்கள். தனப்பிரியா கிணற்றில் நீர் சேந்தினாள், அம்மியில் அரைத்தாள், ஒருநாள்கூட ஆபீஸ் பக்கம் போய்க் கெஞ்சவில்லை. பன்னிரண்டாம் நாள் கோகுல்ராஜ் தனியாக பைக்கில் வந்தார். மீட்டரைப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், மின்னலை அண்ணாந்து பார்த்தார். முழங்காலில் காகிதத்தை வைத்து, "மின் இணைப்பு இல்லை. மின்னல் உள்ளது. இரண்டுக்கும் தொடர்பில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதம் நாமக்கல் வரை போய், "பார்வையிடப்பட்டது" என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. மத்தியானம் ஒயரை இழுத்துக் கட்டினார்கள். மூன்று மணிக்குத் தறி ஓடியது. அதன்பிறகு யாரும் அணைக்கச் சொல்லவில்லை. ஆகவே மின்னலும் முப்பது அடியோடு நின்றுகொண்டது. சங்ககிரி லாரிக்காரர்கள் அதை அடையாளம் வைத்து வெண்ணந்தூருக்குத் திரும்பினார்கள்.

தை மாதம் ஆனந்தகுமார் ஊருக்கு வந்தான். பையைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் அண்ணாந்து நின்றான். தலைமுடி எழுந்து நின்றது. கை கால் கழுவிவிட்டு உள்ளே போனபோது, தனப்பிரியா தரையில் உட்கார்ந்து ஒரு நீளப் பலகையில் துளைக்கு அளவு போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணா?"

"ஆமாங்க. அது பத்து அடுக்கு. இது இருபது."

அவன் பலகையில் போட்டிருந்த குறிகளைப் பார்த்தான். சத்தீஸ்கர் பாறையில் எழுநூறு அடி இறக்கிய கை. "கையால போட்டா நேரா வராது பிரியா" என்று சொல்லி, பையிலிருந்து டிரில் மிஷினை எடுத்து பிளக்கைச் சொருகினான். கண்ணாத்தாள் மூன்று பேருக்கும் சோளக் களி கிண்ட உலை வைத்தாள்.