பேச்சித்தாயின் பசுவும் ஏசுதாசனும்

காய்ச்சல் குளிர் உதறியதில் தட்டு கவிழ்ந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்க்க ரத்தம் தடவி, சாயம் போட்டுக் காய வைத்திருந்த கண்ணாடிச் சில்லுகள் இரண்டும் மேஜையில் வழுக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. இனி எது மாட்டு ரத்தம், எது மனுஷ ரத்தம் என்று ஏசுதாசனுக்கே தெரியாது.

சங்கரன்கோவில் மாட்டாஸ்பத்திரியில் பதினெட்டு வருஷமாக அட்டெண்டர். சில்லில் பெயர் எழுதாதவர்களை ஏசியே பேர் வாங்கியவர். இன்றைக்கு அவரே எழுதவில்லை. ஒன்று பனவடலிசத்திரத்துப் பேச்சித்தாயின் பசு, மற்றது தன்னுடையது. இதற்கு எதற்குப் பெயர் என்ற தெனாவட்டு.

பத்து நாளாகக் குளிர்காய்ச்சல். மலேரியாக்காரர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு இல்லை என்றுவிட்டார். பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம்தான். அங்கே சீட்டு எழுதுகிறவர் முதலில் கேட்பது, "கூட யாரு வந்திருக்கா?" மூன்று வருஷத்துக்கு முன் பஸ்ஸிலிருந்து விழுந்து மண்ணீரலை எடுத்தபோது மனைவி மார்த்தாள் கூட இருந்தாள். இப்போது அவள் இல்லை. "கர்த்தர் வந்திருக்கார், சைக்கிள நிறுத்திட்டு வருதார்" என்று ஒரு பதிலைத் தயார் செய்து, கண்ணாடி முன் சொல்லியும் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வரவில்லை. அதனால்தான் இன்றைக்குப் பசுவின் ரத்தத்தோடு தன் ரத்தத்தையும் ஒரு சில்லில் தடவி வைத்தார்.

டாக்டர் சண்முகையா இரண்டு சில்லுகளையும் பார்த்துவிட்டு மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அண்ணாச்சி, ஒண்ணுல சிவப்பணுக்குள்ள கிருமி ஜோடி ஜோடியா கெடக்கு. உண்ணிக் காய்ச்சல். இன்னொண்ணு சுத்தம். ரெண்டும் ஒரே பசுவா?"

"ஒரே பசுதான் சார்."

"சரி, ஊசி போட்டிருவோம். மாட்டப் பிடிங்க."

வெளியே பேச்சித்தாய் கயிற்றை விடவில்லை. "பால் கொறஞ்சுதுன்னுதான் கொண்டாந்தேன். ஒரு கட்டு சோளநாத்தத் தின்னுட்டு நிக்கி, இதுக்கா காய்ச்சலு? ஒம்ம மூஞ்சிதான் வே காய்ச்சக்காரன் மாரி இருக்கு. நீரே போட்டுக்கிடும்!"

ஏசுதாசன் சிரிக்கப் பார்த்தார். குளிரில் பல் கிட்டியது. உள்ளே திரும்பிப் போனார்.

"சார், அதுல ஒண்ணு என் ரத்தம்."

டாக்டர் ஏசவில்லை. அவர் விரலில் புதிதாகக் குத்தி, சாயம் போட்டு, தானே பெயரும் எழுதினார். மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தார். அதே ஜோடிகள்.

"உண்ணி கடிச்சுதா?"

"இடுப்புல ரெண்டு. நகத்துல வச்சு நசுக்கிட்டேன். நம்ம உத்தியோகத்துல அதெல்லாம் ஒரு கடியா சார்?"

"மத்தவனுக்கு ஒருவேளை தாங்கும். மண்ணீரல் இல்லாத ஒடம்பு, கிருமிய வடிகட்ட ஆளில்ல."

"பத்து நாளா எல்லாரும் ரெஸ்ட் எடு, ஜெபம் பண்ணுங்காங்க. நீங்களாவது நேராச் சொல்லுங்க. பொழைப்பனா?"

டாக்டர் அவரை நேராகப் பார்த்தார்.

"தெரியாது அண்ணாச்சி. மனுஷனுக்கு இது வந்து நான் பாத்ததில்ல. ஆபத்துதான். அடுத்த பஸ்ஸுல பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போறோம். கூட யாருன்னு கேட்டா என் பேரச் சொல்லுங்க."