ஆள் வருது

கண்டக்டர் காளிராஜ் முதன்முதலாக வாய்விட்டுச் செபித்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, இன்னாசிபுரம் கோயில் இருந்த இடத்தை விட்டுத் தெற்கே நாலடி நகர்ந்தது. பீடத்தில் ஒரு மெழுகுவத்திகூட அணையவில்லை. வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகள் மட்டும் நாலடி பின்தங்கிவிட்டதால், பூசை முடிந்து வந்தவர்கள் முள் கிடந்த மணலில் குதித்துக் குதித்துப் போய் மாட்டிக்கொண்டார்கள். சாயல்குடிக்குத் தெற்கே உப்பளங்களைத் தாண்டி, தார்ச்சாலை தீர்ந்து கடல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது இன்னாசிபுரம். அன்றைக்குக் கோயிலுக்கும் அலைக்கும் நடுவே மிச்சமிருந்தது நாற்பதடி.

காளிராஜ் அந்த ஊர்க்காரன் இல்லை. கடலாடிப் பக்கம் மிளகாய் போட்டு, மழையைத் திட்டிப் பிழைத்த சம்சாரி வீட்டுப் பிள்ளை. பதினாறு வருடமாகச் சாயல்குடி – ராமநாதபுரம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அதில்தான் ஜெராக்ஸ் கடை வேலைக்குப் போய்வந்தாள் இன்னாசிபுரத்துப் பெனடிக்டா. மூன்று வருடம் எந்த ஊர் என்று கேட்காமலே அவளுக்கு டிக்கெட் கிழித்தான். நாலாம் வருடம் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டான். கொரோனா முடிந்து பஸ் மறுபடி ஓடத் தொடங்கிய மாதம் ஞானஸ்நானமும் கலியாணமும் அடுத்தடுத்து நடந்து, அவள் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தான். வேதத்துக்கு வந்ததில் அவனுக்கு முழுச் சம்மதம். சிலுவையில் இருந்தவரைப் பார்த்ததுமே, நாளெல்லாம் நின்றபடி வேலை பார்த்த ஆள் இவர் என்று அவன் கால்களுக்குத் தெரிந்துவிட்டது.

சிக்கல் வார்த்தையில் வந்தது. ஒரு நாளைக்கு நாற்பது சொல்லுக்கு மேல் தேவைப்படாத தொழில் அவனுடையது. சாயந்தரக் குடும்பச் செபத்தில் அவன் முறை வரும்போது, பாடம் பண்ணிய மந்திரமெல்லாம் ஸ்டாப்பிங் வந்த கூட்டம் மாதிரி மொத்தமாக இறங்கிப் போய்விடும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த மாமனார் மிக்கேல், "செபம் சொல்லத் தெரியாத மருமகன்ட்ட எனக்குப் பேச்சில்ல" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அதன்பின் இரண்டு வருடம் சுவரோடுதான் பேசினார். குழம்பு ஊற்றச் சொல்வதுகூடச் சுவரிடம்தான்.

காளிராஜ் பங்குச் சாமியாரிடம் போய் முறையிட்டான். "மனசுல இருக்கிறத, வாய்க்கு வர்ற வார்த்தையில சொல்லப்பா, போதும்" என்றார் சாமியார். அடுத்த ஞாயிறு பூசையில் நன்மை அப்பம் வாங்கிய கையோடு அவன் முழங்காலிட்டுக் கண்ணை மூடி, "ஏறுங்க, ஏறுங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று மனமுருகச் செபித்து, ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் "ரைட்" என்றான். மேலே சொன்ன நாலடி அப்படி நகர்ந்ததுதான். சாமியார் மேலிடத்துக்கு எழுதினார். எந்த சர்வே எண்ணிலிருந்து எந்த சர்வே எண்ணுக்கு என்று விவரம் கேட்டுப் பதில் வந்தது. பத்து ஞாயிற்றில் கோயில் தண்ணீருக்குள் போய்விடும் என்று ஊர் கணக்குப் போட்டது. காளிராஜ் வாயை மூடிக்கொண்டு, பூசை நேரத்தில் வெளியே கருவேல நிழலில் உட்காரத் தொடங்கினான்.

"ஊருக்கே விசிலடிக்கிற ஆளு, ஆண்டவர்ட்ட மட்டும் ஊமையாட்டம் இருக்கீகளே" என்பாள் பெனடிக்டா.

"நான் வாயத் தொறந்தா கோயிலு கடலுக்குள்ள போயிரும் புள்ள."

போன ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மிக்கேல் தன் வத்தைப் படகில் தனியாக மீன்பிடிக்கக் கடலுக்குப் போனார். பத்து மணிக்குப் போன் வந்தது. இஞ்சின் நின்றுவிட்டது, நீவாடு தெற்கே இழுக்கிறது என்று மட்டும் சொன்னார். அதோடு போனும் செத்தது. நீவாடு என்பது கடலுக்குள் ஓடுகிற ஓட்டம்; அது இழுத்தால் இழுத்த திசைதான். தேடிப்போன படகுகள் புதன்கிழமை மத்தியானம் வெறுங்கையோடு திரும்பின. ஊரே கோயிலில் கூடிச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, பெனடிக்டா கருவேல நிழலுக்கு வந்து நின்றாள்.

"எங்கப்பா வரணும். உங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க. கோயிலு போனாப் போகுது."

காளிராஜ் உள்ளே போய் நடுவில் முழங்காலிட்டான். "தந்தையே" என்றான். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. தன் பஸ் டிரைவர் பாக்கரை நினைத்துக்கொண்டான். பதினாறு வருடத்தில் பாக்கர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அவனும் பாக்கரிடம் நீட்டி முழக்கிப் பேசியதில்லை. எவனாவது தூரத்தில் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தால் ஒரே ஒரு குரல்தான். வண்டி நின்றுவிடும். காளிராஜ் கூரையைப் பார்த்து அதே குரலில் சொன்னான்:

"தந்தையே, ஹோல்டேன்! ஆள் வருது!"

கடல் நின்றது. முழங்கால் உயரத்துக்கு எழுந்த அலை எழுந்த வாக்கில் நின்றது. நுரை, சோப்புப் போட்டு அலசாத சட்டை மாதிரி மணலில் கிடந்தது. மீனுக்குக் குனிந்திருந்த கொக்கு ஒன்று, தண்ணீரை அலகால் தட்டிப் பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் பறந்தது. நீவாடும் நின்றதால், எங்கோ போய்க்கொண்டிருந்த வத்தையும் நின்றது; மிக்கேல் உட்காரும் பலகையைப் பெயர்த்துத் துடுப்பாக்கி வலிக்கத் தொடங்கினார். மேலே இருக்கிற டிரைவருக்குப் பொறுமை போய்விடக் கூடாதே என்று காளிராஜ் விடாமல் "ஹோல்டேன்" சொல்ல, சனங்கள் மன்றாட்டு மாலைக்குப் பதில் சொல்கிற ராகத்தில் "ஆள் வருது" என்றார்கள். இப்படி மூன்று மணி நேரம். சாமியாருக்கே நாலாவது தரத்தில் ராகம் பிடிபட்டுவிட்டது.

மிக்கேல் கரையேறி, தொண்டையைத் தண்ணீரில் நனைத்து, நின்றிருந்த அலையைச் சுற்றிக்கொண்டு நேராகக் கோயிலுக்குள் வந்தார். உதடு உப்புப் பூத்திருந்தது. காளிராஜ் முன்னால் வந்து நின்று, சுற்றிலும் ஒரு சுவரைத் தேடினார். கோயில் சுவர் கொஞ்சம் தள்ளி இருந்தது. வேறு வழியில்லாமல் மருமகன் முகத்தையே பார்த்தார்.

"ஏறியாச்சு மாப்ள" என்றார். "எடுக்கச் சொல்லு."

"ரைட்" என்றான் காளிராஜ். அழுதுகொண்டே சொன்னதால் அது ஆமென் போலவே இருந்தது என்று பெனடிக்டா இன்றைக்கும் சொல்கிறாள். கடல் புறப்பட்டது. கோயிலும் முன்போலவே நாலடி போயிற்று. நிறுத்திவைத்த மூன்று மணி நேரத்து அலைகள் வரிசையாக வந்து தீர, மறுநாள் மத்தியானம் ஆனது.

இப்போது காளிராஜ் ஞாயிறுதோறும் உள்ளேதான் செபிக்கிறான். பூசை முடிந்ததும் கோயிலுக்கு வடக்கே, பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி போய் நின்று, "வரலாம், வரலாம், வந்துட்டே இரு" என்று கையைக் காட்டி அந்த நாலடியைத் திரும்ப எடுத்துவிடுவதால் ஊருக்குக் கவலை இல்லை. பூசைக்கு இரண்டாம் மணி அடித்ததும் கடல் கொஞ்ச நேரம் நிற்கும். தேவிபட்டினத்துக்கு வந்துவிட்டு அப்படியே கரையோரமாக வந்த வெளியூர் யாத்ரீகர் ஒருவர், அசையாத கடலைப் பார்த்துப் பதறிப்போய் என்ன என்று கேட்டார். பெனடிக்டா முக்காட்டைச் சரிசெய்தபடி சாலையை எட்டிப் பார்த்தாள்.

"சந்தியாகு வீட்டு ஆளுக இன்னும் வந்து சேரலைல்ல, அதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.