மூன்று நாள் தங்கிய புத்தகம்

பல்கலைக்கழக நூலகத்தில் வெளியூர் நூலகங்களிலிருந்து புத்தகம் வரவழைத்துத் தருகிற கவுன்டர் என்னுடையது. பதினெட்டு வருடமாக அதே நாற்காலி. யாரும் என்னைக் குறை சொன்னதில்லை, ஒரு ஆய்வு மாணவியைத் தவிர.

போன வருடம் அவள் கேட்டது இரண்டாம் பதிப்பு. நான் வரவழைத்தது முதல் பதிப்பு. கைதவறிய விஷயம். ஆனால் அவள் ஆலோசனைப் புத்தகத்தில், 'இங்கே இருப்பவருக்குப் பதிப்பு என்றால் என்னவென்றே தெரியவில்லை' என்று எழுதிவிட்டுப் போனாள். பெயர் போடவில்லை. அந்தச் சாய்ந்த கையெழுத்து எனக்குத் தெரியாதா? தலைமை நூலகர் அதைக் கூட்டத்தில் உரக்கப் படித்தார். நேற்று வேலைக்குச் சேர்ந்ததுகள் எல்லாம் சிரித்தன. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளோ அதை அடுத்த நாளே மறந்திருப்பாள்.

இந்த வருடம் அவளுடைய ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு பழைய நில அளவை அறிக்கையை நேரில் பார்த்துத் திருத்தித் தரவேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள். தவறினால் ஏழு வருட உழைப்பு தண்ணீரில் கரைந்தது போலத்தான். அந்த அறிக்கை ஒரே ஒரு நூலகத்தில் இருந்தது, இரண்டு நாள் பயண தூரத்தில்.

"எப்படியாவது வரவெச்சுக் குடுங்கண்ணா, உங்களத்தான் நம்பியிருக்கேன்" என்றாள்.

புதன்கிழமை காலை அறிக்கை வந்தது. மூன்று நாள்தான் வைத்திருக்கலாம், இங்கேயே உட்கார்ந்துதான் படிக்கவேண்டும். வழக்கமாக நான் போன் செய்துவிடுவேன். ஆனால் விதிப்படி துறைக்குக் கடிதம் அனுப்பினால் போதும். அனுப்பினேன். அவள் துறையில் தபால் பெட்டியை வாரத்துக்கு ஒருமுறை, திங்கட்கிழமை மதியம்தான் திறப்பார்கள். அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலமே வந்து நின்றாள்.

"வந்துடுச்சாண்ணா?"

"வந்தா துறைக்குக் கடிதம் வரும்மா."

வியாழனும் வந்தாள், வெள்ளியும் வந்தாள். அதே கேள்வி, அதே பதில். அறிக்கை என் முழங்காலுக்குப் பக்கத்தில், மேஜையின் கீழ்த்தட்டில் இருந்தது. வெள்ளிக்கிழமை அவள் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. பாவமாக இல்லையா என்றால், இல்லை. வயிறு குளிர்ந்தது. சனிக்கிழமை காலை பார்சல் கட்டித் திருப்பி அனுப்பினேன்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஆய்வுக் குழு கூடுவதாக இருந்தது. புத்தகம் கிடைக்கவில்லை என்று நூலகம் எழுதிக் கொடுத்தால் அவகாசம் தருவார்களாம். ஒன்பதரைக்கே கவுன்டருக்கு வந்துவிட்டாள். நான் தட்டச்சு செய்தேன். 'கேட்ட அறிக்கை புதன்கிழமை வந்தது. அன்றே துறைக்குத் தெரிவிக்கப்பட்டது. பெற்றுக்கொள்ளப்படாததால் சனிக்கிழமை திருப்பி அனுப்பப்பட்டது.' ஒரு சொல்கூடப் பொய் இல்லை. குழுவுக்குப் போகிற கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி முத்திரை வைத்துத்தான் தரவேண்டும். அப்படியே தந்தேன்.

"நல்லபடியா எழுதியிருக்கீங்கல்லண்ணா?"

"நடந்தத எழுதியிருக்கேம்மா."

"இந்தக் கட்டடத்துல எனக்காகப் பாடுபட்டது நீங்க ஒருத்தர்தாண்ணா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். உறையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஓடினாள்.

பதினொன்றே காலுக்கு மேலேயிருந்து போன் வந்தது. குழுத் தலைவர்.

"உங்க கடிதம் சரிதானா?"

"சரிதாங்க சார்."

அவருக்குப் பின்னால் அவள் குரல் உடைந்து கேட்டது. "அந்த அண்ணாகிட்டயே கேளுங்க சார். நான் தினம் வந்து கேட்டேன். அவர் சொல்லுவார்."

"தினம் வந்து கேட்டாங்களாமே?" என்றார் அவர்.

கவுன்டரில் வந்து விசாரிப்பவர்கள் எங்கேயும் கையெழுத்துப் போடுவதில்லை.

"அப்படிப் பதிவு எதுவும் இல்லீங்க சார்" என்றேன்.