ஒரு பல் தள்ளி

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அஞ்சலாட்சியின் வெள்ளைக் கார் லாஸ்பேட்டை ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றபோது, புருஷோத்தமன் கையில் டீ இருந்தது. திங்கட்கிழமை சரிசெய்து அனுப்பிய வண்டி மூன்றே நாளில் திரும்பி வந்தால் எந்த மெக்கானிக்குக்கும் டீ இறங்காது. அவன் குடித்து முடித்தான். ஒரு தைரியத்துக்கு.

"சத்தம் போச்சு தம்பி. இழுவை வரல," என்றாள் அஞ்சலாட்சி, கதவைச் சாத்திக்கொண்டே. "நேத்து அரும்பார்த்தபுரம் பாலத்துல ஏறறேன். பக்கத்துல ஒருத்தரு சைக்கிள்ல வர்றாரு. என்னப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சிட்டு முன்னால போறாரு."

"நல்ல சைக்கிளா இருக்கும்க்கா."

"இன்ஜின் லைட்டும் எரியுது."

"அது பழைய ஞாபகத்துல எரியும். தானா அணைஞ்சிடும்."

"எப்ப? நான் கண்ண மூடினப்புறமா?"

வீராம்பட்டினத்தில் இருபது வருடம் மீன் கூடை சுமந்தவள் அஞ்சலாட்சி. கழுத்து இனி முடியாது என்று சொன்னபோது கூடையை இறக்கி வைத்துவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் லைசன்ஸ் எடுத்து, இந்தப் பழைய பெட்ரோல் காரை வாங்கி டாக்ஸியாக ஓட்டுகிறாள். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் பேராசிரியர்கள் மூன்று பேர் அவளுடைய நிரந்தர சவாரி. அவர்களும் கொஞ்ச நாளாகவே வகுப்புக்குத் தாமதம்.

"சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான் பாப்பேன். வண்டிய வாங்கிக்க புரோக்கர் ஜானகிராமன் நிக்கிறாரு. சரியாகலன்னா குடுத்துட்டு, கூடையத் தூக்கிடறேன்."

இதைச் சொல்லும்போது அவள் கை தானாகப் பின்கழுத்துக்குப் போனது. புருஷோத்தமன் அதைப் பார்க்காதவன்போல் பானெட்டைத் திறந்தான்.

திங்கட்கிழமை அவன் செய்தது சாதாரண வேலை இல்லை. அப்படித்தான் தெருவில் நாலு பேரிடம் சொல்லியிருந்தான். காலையில் முதல் ஸ்டார்ட்டில், டப்பாவுக்குள் புளியங்கொட்டையைக் குலுக்கியதுபோல் மூன்று விநாடி சத்தம்; அப்புறம் அடங்கிவிடும். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மூடியில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டான். டைமிங் செயின். கீழே கிராங்க் சக்கரமும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் சக்கரமும் ஒரே தாளத்தில் சுற்றுவது அந்தச் செயினால்தான். மூடியைக் கழற்றிப் பார்த்தால் அது தொய்ந்து கிடந்தது. அதை இறுக்கிப் பிடிக்க வேண்டிய டென்ஷனர், நீட்ட வேண்டியதையெல்லாம் நீட்டிவிட்டு, இனி என்னிடம் ஒன்றுமில்லை என்று நின்றது.

பழையதைக் கழற்றுமுன் அவன் வழக்கமாகச் செய்வதைச் செய்தான். மனைவி பூர்ணிமாவின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து இரண்டு சக்கரங்களிலும், செயினிலும், பக்கத்து இரும்பிலும் புள்ளி வைத்தான். கம்பெனிக்காரன் சக்கரத்திலேயே சின்னதாக ஒரு புள்ளி குத்தி அனுப்பியிருப்பான். அதை எண்ணெய்க் கசட்டுக்குள் யார் தேடுவது? இருந்தது இருந்தபடி புள்ளி வை, அதே இடத்தில் திருப்பி மாட்டு. பதினேழு வருடமாக இதுதான் அவன் முறை. நகப்பூச்சு எங்கே காலியாகிறது என்பது பூர்ணிமாவுக்கு மட்டும் பதினேழு வருடமாகப் புரியவில்லை.

இன்று முதலில் ஏர் ஃபில்டரைச் சந்தேகித்தான். அது சுத்தம். பெட்ரோலைச் சந்தேகித்தான். பிளக்குகளைச் சந்தேகித்தான். பேராசிரியர்களின் எடையைக்கூடச் சந்தேகித்தான்.

"மூணு பேரும் ஒல்லி," என்றாள் அஞ்சலாட்சி. "தம்பி, ஒண்ணு கேக்கட்டா? சத்தம் இருந்தப்பவே இந்த மந்தம் இருந்துச்சு. ரெண்டும் சேந்து போயிடும்னுதான உன்கிட்ட வுட்டேன்?"

ஸ்பானர் அவன் கையில் அப்படியே நின்றது.

மறுபடி மூடியைக் கழற்றி முடிக்க மதியம் ஆகிவிட்டது. நகப்பூச்சுப் புள்ளிகள் ஒன்றுக்கொன்று நேராக, பள்ளிக்கூட வரிசைபோல் நின்றன. ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு துணியைப் பெட்ரோலில் நனைத்துக் கேம் சக்கரத்தை அழுத்தித் துடைத்தான். கசட்டுக்குள்ளிருந்து கம்பெனிப் புள்ளி வெளியே வந்தது. அவன் புள்ளிக்குப் பக்கத்தில். சரியாக ஒரு பல் தள்ளி.

விஷயம் எளிதுதான். தொய்ந்த செயின், வண்டி இங்கே வருவதற்கு முன்னாலேயே ஒரு பல் தாண்டிவிட்டது. புருஷோத்தமன் அந்தத் தப்பைத் துளி பிசகாமல் அளந்து, சிவப்பு வைத்து, புதுச் செயினிலும் அப்படியே மாட்டிக் கொடுத்திருக்கிறான். வால்வும் பிஸ்டனும் இடித்துக்கொள்ளாமல் விட்டது அந்த இன்ஜினின் பெருந்தன்மை.

அப்போது பார்த்து அவள் போன் அடித்தது. ஜானகிராமன். "அஞ்சு மணி வரைக்கும் பொறுங்க," என்று சொல்லி வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"இன்னா தம்பி, இன்ஜின் போயிடுச்சா? சொல்லிடு. தாங்கிக்குவேன்."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். வண்டி ஜானகிராமனிடம் போய்விடும். புருஷோத்தமனின் புள்ளியை யாரும் பார்க்கப் போவதில்லை. மூடியை மாட்டிவிட்டால் அதற்குள் இருப்பது கடவுளுக்கும் எண்ணெய்க்கும்தான் தெரியும். அவள் கை மறுபடி கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

"இங்க வாக்கா," என்றான். "இது கம்பெனி வச்ச புள்ளி. இது நான் வச்சது."

அவள் குனிந்து பார்த்தாள்.

"சேரலியே?"

"சேரல. தப்பு இன்ஜின்ல இல்ல. ஏற்கெனவே கோணலா இருந்தத நான் பாக்காம, அதே கோணல்ல மாட்டிட்டேன்."

அஞ்சலாட்சி சிவப்புப் புள்ளியை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிறகு, "அது இன்னா, நகப்பூச்சா?" என்றாள்.

"பொண்டாட்டியோடது."

"அவளுக்குத் தெரியுமா?"

"இல்லக்கா."

"நல்ல கலர்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கம்பெனிப் புள்ளிகளைத் தேடித் துடைத்து, கிராங்கைப் பூட்டி, செயினை ஒரு பல் திருப்பி மாட்டினான். ஸ்பானர் போட்டுக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, புள்ளிகள் திரும்பவும் நேரே வந்து நிற்கின்றனவா என்று பார்த்தான். நின்றன. நம்பாமல் இன்னும் இரண்டு சுற்று. மூடிக்குத் தடவிய பசை காயும் வரை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அவள் கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தைப் பங்குபோட்டுச் சாப்பிட்டார்கள். அவன்தான் அதிகம் சாப்பிட்டான். குற்ற உணர்ச்சிக்குப் பசி அதிகம்.

நாலரைக்கு ஸ்டார்ட் செய்தார்கள். புளியங்கொட்டை இல்லை. இன்ஜின் லைட்டை ஸ்கேனர் மாட்டி அணைத்தான், அணைந்தே இருந்தது.

"ஏறு," என்றாள். "பாலத்துக்குப் போறோம்."

ஏறினான். ஓட்டுநரின் பக்கத்து இருக்கை அவனுக்குப் பழக்கமில்லை. மேலே இருந்த பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"பயமா?"

"இல்லக்கா, சத்தம் கேக்குறேன்."

பாலம் ஏறும் இடத்தில் அவள் போன் அடித்தது. ஜானகிராமன். அஞ்சலாட்சி கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை. "நீ எடுத்துச் சொல்லு."

"வண்டி குடுக்கிறதா இல்லைங்க," என்றான் புருஷோத்தமன்.

"ஏன்? இன்ஜின் அவுட்டுன்னு இல்ல பேசிக்கிட்டாங்க?"

"இன்ஜின்ல ஒண்ணும் இல்லைங்க. நான்தான் திங்கக்கிழம..."

அவள் இடது கை நீண்டு வந்து போனைப் பிடுங்கியது. "வண்டி நல்லா இருக்குங்க. நல்ல கைல குடுத்திருந்தேன். வச்சிடறேன்." போனை மடியில் போட்டாள். "ஊருக்கெல்லாம் ஏன்டா சொல்ற? என்கிட்ட சொன்ன இல்ல, போதும்."

புருஷோத்தமன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே பார்க்க ஒன்றுமில்லை. பாலத்தின் கைப்பிடிச் சுவர்தான் ஓடியது. வேகமாகவே ஓடியது.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், எழுந்து நின்று பெடலை மிதித்தபடி ஒருவர் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். நேற்று வந்தவர்தானா என்று தெரியாது. அஞ்சலாட்சி அவரைத் தாண்டும்போது ஹாரனை அடித்தாள். எந்தத் தேவையும் இல்லாமல், இரண்டு தடவை.