கிளித்துன்னோத் தீர்த்தம்

பிருந்தாபனை யாரும் கேட்கவில்லை. பிரான்சில், லா சப்பல் கடைத்தெருவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த பிள்ளையார் கோயில் தலைவர் பொன்னம்பலம், "கும்பாபிசேகத்துக்கு ஐரோப்பிய ஆறுகளிலையிருந்தும் தீர்த்தம் எடுப்பமோ எண்டு யோசிக்கிறம்" என்றதுதான் தாமதம், இவன் வாயைத் திறந்தான்.

"மாசாமாசம் இத்தாலிக்குச் சாமான் வான் ஓடுறன் அண்ணை. அங்கை மலையடியிலை கிளித்துன்னோ எண்டு ஒரு சின்ன ஆறு, ஆதிகாலத்துப் புனித ஆறு. நான் கொண்டு வாறன்."

போனில் எங்கோ வாசித்த ஆறு அது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தால்தானே!

இத்தாலியில், பெருஜா நகரில் சாமான் இறக்கி முடிய நேரம் போய்விட்டது. ஆறு இன்னும் முக்கால் மணித்தியாலம் தள்ளி. பசி, களைப்பு, முதலாளியின் போன் வேறு. அடுத்தமுறை பார்ப்போம் என்று வானைத் திருப்பிவிட்டான். அடுத்தமுறை ஏது? கும்பாபிசேகம் வருகிற ஞாயிறு. பிரான்சுக்குள் வந்தபிறகுதான் அது உறைத்தது. ஓட்டோறூட் நெடுஞ்சாலையில் எண்ணெய் அடிக்க நின்ற இடத்தில், கக்கூசில் கை கழுவும் குழாயில் போத்தலை நிரப்பினான். தண்ணி தண்ணிதானே என்று தனக்குத்தானே சொல்லியும் கொண்டான்.

ஞாயிறு காலை கோயிலில் போத்தல்கள் வரிசையாக இருந்தன. யோகராணி அக்கா மட்டும் தன் சின்னப் போத்தலைக் கீழே வைக்கவில்லை. மார்க்ஸ் டோர்மோய் தெருவில் இவன் வீட்டுக்கு மேல்மாடிக்காரி. ரெஸ்ரோறண்டில் கோப்பை கழுவுகிற வேலை. இருந்த லீவையெல்லாம் எடுத்து யாழ்ப்பாணம் போய், கீரிமலைப் புனிதக் கேணியில் தன் கையாலேயே மொண்டு வந்த தண்ணீர் அது.

பொன்னம்பலம் பிருந்தாபனுக்குப் பொன்னாடை போர்த்தினார். "ஆத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும் தம்பி" என்று மைக்கையும் நீட்டினார்.

இப்போது சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்தது. வாயோ கதையைத் தொடங்கிவிட்டது. மலையடி ஊற்றில் பிறக்குது, ரெண்டு கரையிலும் நெட்டை மரங்கள் நிக்குது, வேறை ஆறுகளோடை கலந்து கடைசியிலை ரோமாபுரி ஆத்திலை சேருது. அந்தக் காலத்திலை கரை முழுக்கக் கோயில். பாலத்துக்கு மேலை ஒருத்தரும் இறங்கிக் குளிக்கக் கூடாது, அவ்வளவு சுத்தம். அந்தத் தண்ணியைக் குடிச்ச மாடெல்லாம் வெள்ளை வெளேரெண்டு ஆகுமாம். சனம் "அரோகரா" என்றது. அந்த மாடுகளைப் பிறகு பலி கொடுத்தார்கள் என்பதை விழுங்கிவிட்டான். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே ஐயர் அக்காவின் போத்தலையும் வாங்கி எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் ஊற்றிவிட்டார்.

யோகராணி அக்கா கண் கலங்கக் கிட்ட வந்தாள். "புண்ணியவான் நீ. என்ரை கீரிமலையும் உன்ரை ஆறும் ஒண்டாய்க் கலந்திட்டுது, பாத்தியே?"

அதற்குமேல் அவனால் முடியவில்லை. காதோடு சொன்னான். "அக்கா, நான் ஆத்தடிக்குப் போகேல்லை. அது கக்கூஸ் பைப் தண்ணி."

அவள் அவனையே பார்த்தாள். "பிள்ளையாருக்கோ?" என்றாள். பிறகு, "வா, ஐயரிட்டைச் சொல்லு."

"சனத்துக்கு முன்னாலை எப்பிடி அக்கா..."

ஐயர் செம்பைக் கையில் எடுத்துவிட்டார். யோகராணி அக்கா இவன் பிடித்த கையை உதறிவிட்டு ஐயரிடம் போனாள்.

"ஐயா, ஊத்தாதேங்கோ! அண்டாவைக் கொட்டுங்கோ. நான் கொண்டு வந்தது கீரிமலைத் தண்ணி இல்லை. இஞ்சத்தைப் பைப் தண்ணி."

பொன்னம்பலத்துக்கு முகம் சிவந்தது.

"சுவாமி காரியத்திலை பொய்யோ? உங்களுக்கு வெக்கமில்லையே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு பேர் அண்டாவைத் தூக்கிப் போய் வெளியே ஊற்றினார்கள். பொன்னம்பலம் மூச்சு வாங்கிக்கொண்டு பிருந்தாபனின் பக்கம் திரும்பினார்.

"குறை நினையாதையும் தம்பி. அவ்வளவு தூரம் போய் நீர் கொண்டு வந்ததும் வீணாய்ப் போச்சு."

பிருந்தாபன் பொன்னாடையோடு நின்றான். "பரவாயில்லை அண்ணை" என்றான்.