குளித்த தூண்கள்

பூம்பாறைத் திருமலைச்சாமி மேஸ்திரியின் வாய்க்குப் பூட்டே கிடையாது. பூண்டு மூட்டைகளை அடுக்கிவைக்கும் ஊர்க் கிட்டங்கியின் கீழ்த்தளத்தைக் கட்டியதிலிருந்து, "நான் நிறுத்துன தூணுல காட்டுமாடு வந்து முட்டுனாலும் அசையாது" என்று டீக்கடையில் அளந்துகொண்டிருந்தார். இப்போது மேலே ஒரு தளம் எடுக்க வேண்டும். தூண்கள் தாங்குமா என்று சோதிக்கச் சொல்லிவிட்டது ஊர்க் கமிட்டி. தாங்காது என்றால் வேலை கொடைக்கானல் மேஸ்திரிக்குப் போய்விடும். சொந்த ஊரிலேயே மூக்கு அறுபட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

காங்கிரீட் தண்ணீர் குடித்தால்தான் இறுகும் என்பது அவர் படித்த ஒரே பாடம். அதனால் இன்ஜினியர் வருகிற அன்று வெள்ளனே எழுந்து, தூண்களைக் குடம் குடமாய்க் குளிப்பாட்டி, துண்டால் துவட்டியும் விட்டார். கட்டி வருஷமான தூணுக்கு இனி என்ன தாகம் என்று தோன்றவே இல்லை, பாவம்.

இன்ஜினியர் சுசித்ரா டார்ச் லைட் மாதிரி ஒரு கருவியைத் தூணில் வைத்து அழுத்தினாள். உள்ளே இருந்த சுத்தி தூணை முட்டித் துள்ளித் திரும்பியது. எவ்வளவு துள்ளுகிறதோ அவ்வளவு உறுதி. தூணை உடைத்துப் பார்க்க வேண்டியதில்லை. இங்கே துள்ளல் சோம்பலாக இருந்தது. அடுத்த தூணிலும் அப்படியே.

"ஈரமா இருந்தா ரீடிங் குறைச்சுக் காட்டும். தண்ணி கிண்ணி ஊத்துனீங்களா மேஸ்திரி?"

திருமலைச்சாமி ஈரத் துண்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். ஆமாம் என்றால், கட்டும்போது ஊற்றாததை இன்றைக்கு ஊற்றினான் என்று நினைத்துவிடுவாளே.

"சொட்டுத் தண்ணி படலம்மா."

"அப்ப தூண் வீக்குன்னுதான் எழுதணும்."

அந்த நேரம் பார்த்து மேஸ்திரியின் மனைவி முருகேஸ்வரி காலிக் குடத்தோடு வந்து நின்றாள்.

"ஏங்க, வீட்ல சோறாக்கப் பொட்டுத் தண்ணி இல்ல. அம்புட்டையும் தூணுக்கு ஊத்திட்டு இங்க என்ன சோலி உங்களுக்கு?"

சுசித்ரா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "எல்லாத் தூணுக்குமா ஊத்துனாரு?"

"அந்த மூலைத் தூணை நான் தொட விடலைங்க. என் பூண்டு மூட்டை சாஞ்சு கெடக்குல்ல, நனைஞ்சா அழுகிரும்."

சுசித்ரா மூட்டைகளை நகர்த்திவிட்டு அந்தத் தூணில் கருவியை அழுத்தினாள். சுத்தி சுறுசுறுப்பாய்த் துள்ளியது.

"இது நல்லாருக்கு. மத்ததும் காயட்டும், வெயிலடிக்கிற நாளாப் பார்த்து வந்து சோதிக்கிறேன். அதுவரைக்கும் எதுவும் எழுதல."

மேஸ்திரிக்கு உயிர் வந்தது. உயிர் வந்த கையோடு வாயும் வந்துவிட்டது.

"நான் அப்பவே சொன்னேன்ல. நான் நிறுத்துன தூணுல காட்டுமாடு வந்து..."

"காட்டுமாடு கெடக்கட்டும்." முருகேஸ்வரி குடத்தை அவர் கையில் திணித்தாள். "வெரசாப் போய்த் தண்ணி எடுத்துட்டு வாங்க. வார வழியில எந்தத் தூணையும் பாக்காதீங்க."